நாக்கு நுழையாத கதவு

தையல்காரம்மாவின் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கட்டிய புருஷனே கழற்றிவிட்டான். வெளியே இருந்து இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்; சாவி அவன் சட்டைப் பையில். "காலம் கெட்டுக் கிடக்கு, உங்க நல்லதுக்குத்தான்" என்பான் அந்த மகராசன். துணி தைக்கக் கொடுப்பவர்கள் ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவார்கள். ஒருத்தராவது ஏனென்று கேட்டதில்லை.

அவளுடைய அக்கா மட்டும் ஒருநாள் அதே ஜன்னலில் வந்து நின்று அழுதாள். "பஸ் போற ரோட்டுலயே நேரா நடந்தா என் வீடு. வந்துடுடி. வாண்ட அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்." வாண்டு என்பது ஐந்து வயது மகள். அம்மா ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கிறாள். தன் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. போய்விடலாமா என்று நினைப்பாள். ஆனால் பூட்டைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

வாண்டுக்கு விளையாட்டுச் சாமான் ஒன்றே ஒன்று, குண்டூசி பொறுக்கும் காந்தம். பளபளப்பதெல்லாம் அதில் ஒட்டும் என்பது அவள் கட்சி. பித்தளைப் பொத்தான் ஒட்டவில்லை.

"அம்மா, இதுக்கு உடம்பு சரியில்லையா?"

"இரும்பைத்தான்டி இழுக்கும். பித்தளைய இழுக்காது."

"பூட்டோட நாக்க இழுத்துப் பிடிச்சுக்குமா?"

"அதுவும் பித்தளைதான். போடி, வேலையக் கெடுக்காத."

வாண்டு லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை அப்பா குனிந்து ஷூ மாட்டும்போது, கதவு நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் ஓட்டைக்குள் காந்தத்தை வைத்தாள். அங்கிருந்த இரும்புத் தகட்டில் அது கப்பென்று ஒட்டிக்கொண்டது. அவன் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான்.

தினமும் கேட்கும் 'டக்' கேட்கவில்லை. தையல் மெஷினில் அம்மாவின் கால் நின்றது.

"நாக்க காந்தம் பிடிச்சுக்கிச்சு!" என்று குதித்தாள் வாண்டு. அது நாக்கைப் பிடிக்கவில்லை. ஓட்டையை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. கணக்குத் தப்பு, விடை சரி.

அம்மா கைப்பிடி இருந்த ஓட்டையில் விரலை விட்டு இழுத்தாள். கதவு வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் மறுபடி சாத்தினாள். பிறகு திறந்தாள்.

"சும்மா வாசல்ல நின்னுட்டு வந்துடலாம்" என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவு திறந்து கிடப்பதை யாராவது பார்த்து அவனிடம் சொல்லிவிட்டால்? பின்னாலேயே இழுத்துச் சாத்தினாள்.

டக்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை வெளியே நின்று கேட்டது இதுதான் முதல் தடவை. வாண்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காந்தம்.

"என்னோடதும்மா. எடுத்துக்கிட்டேன்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாயங்காலம்வரை இந்தப் படியில் உட்கார்ந்திருந்து, உள்ளே விடு என்று அவனிடமே கெஞ்சுவதா? காலில் செருப்புகூட இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"பஸ் எந்தப் பக்கம்டி போகும்?"

"அந்தப் பக்கம்" என்று கை நீட்டினாள் வாண்டு. "டெய்லி ஜன்னல்ல பாக்குறேனே."