ஓடையோரக் கிணற்றுத் தண்ணீர்

காஞ்சிபுரத்தில் தண்ணீரைச் சோதிக்கும் தனியார் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாகறல் ஊரையும் தாண்டி ஒரு கல்குவாரி இருக்கிறது. வெடி வைத்துத் தோண்டிய பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் போட்டுப் பக்கத்து ஓடையில் விடுவார்கள். குவாரிக்காரர்களுக்காக மாதம் ஒருமுறை போய் அந்த ஓடைத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து வருவது என் பொறுப்பு.

அப்படிப் போன ஒரு நாள், ஓடைக்கரை வீட்டிலிருந்து ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். விவசாயக் குடும்பம். மகள் பிரசவத்துக்காக வந்திருந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓடைத் தண்ணிய மட்டும் எடுத்துக்கினு போறியே, எங்க கிணத்துத் தண்ணியையும் பாரேன்மா. இதைத்தான் குடிக்கறோம்."

ஒரு பாட்டில் மிச்சமிருந்தது, பிடித்துக்கொண்டேன். அடிமண் தெரியுமளவுக்குத் தெளிந்த தண்ணீர்.

மறுநாள் காலையில் நைட்ரேட் சோதனை செய்தேன். மருந்து கலந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு நைட்ரேட். ஓடைத் தண்ணீர் அழுத்தமாகத்தான் வந்தது. கிணற்றுத் தண்ணீர் அதைவிட மோசம். என் கையில்தான் தவறு என்று நினைத்து மறுபடி செய்தேன். அதே நிறம்.

வெடிமருந்தின் மிச்சம் தண்ணீரில் கரைந்தால் நைட்ரேட் ஏறும். பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தை குடித்தால் ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அந்த வீட்டில் நன்றாகக் காய்ச்சித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லேப் பொறுப்பாளரிடம் சொன்னேன்.

"வயல்ல போட்ட உரமாக்கூட இருக்கும்மா. கிணறு நம்ம வேலையே இல்ல. விட்டுடு."

எதனால் வந்திருந்தாலும் குழந்தைக்கு ஒன்றுதான். அவர்களுடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குவாரிக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு ஒருவர் வழிமறித்தார்.

"வெடி போடப் போறாங்க. நில்லுங்க."

"ஒரு குழந்தைக்கு ஆபத்துங்க. அந்த ஓடைக்கரை வீட்டுக்குத்தான் போவணும்."

"இப்ப போனா உங்களுக்குத்தாம்மா ஆபத்து."

சைரன் ஊதியது. பிறகு வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. திடீரென்று காலடியில் தரை அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. தூசி அடங்கும் முன்பே வண்டியை முடுக்கினேன்.

மகள் குழந்தையை மடியில் வைத்துப் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். அவள் மிரண்டு குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

"என்னாக்கா ஆச்சு?"

"இந்தத் தண்ணி வேணாம்மா. குழந்தை எப்படி இருக்குது?"

"காலைலேர்ந்து தூங்கிக்கினே இருக்குது. உதடுதான் ஒரு மாதிரி கறுத்திருக்குது. குளிராலயோ என்னவோ."

மண்டையைப் பிளக்கும் வெயில். பட்டுக்கு ஆயிரம் நிறம் சொல்லும் ஊர் எங்களுடையது. அந்த உதட்டின் நிறத்துக்கு என்னிடம் பெயர் இல்லை. நகங்களும் அப்படியே இருந்தன.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி முழுக்க அந்த அம்மா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்தார். நான் டாக்டரிடம் "கிணத்துத் தண்ணியில நைட்ரேட், பால் பவுடர்ல கலந்திருக்காங்க" என்று விடாமல் சொன்னேன். அவர் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை, டிகாக்‌ஷன் போலப் பழுப்பாக இருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். வராந்தாவில் மூவரும் நின்றோம். கடைசியில் உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. அதற்கப்புறம்தான் அந்த அம்மா தரையில் உட்கார்ந்தார்.

குழந்தை பிழைத்துவிட்டது. வீட்டில் இப்போது கேன் தண்ணீர்தான். குவாரிக்காரர்கள் வேறு லேப்புக்கு மாறிவிட்டார்கள்.

அந்த ஓடை இன்னும் சில ஊர்களைத் தாண்டித்தான் ஆற்றில் கலக்கிறது. அங்கே கிணறுகளைப் பார்க்க என்னை யாரும் அனுப்பவில்லை, லீவு நாளில் நானாகப் போகிறேன். உள்ளே தூளி தொங்கும் வீடு என்றால், பாட்டிலைத் திறக்கும் முன்பே அவர்களுடைய போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.