சைஸ் எடுத்தாச்சா?

1. டேப்போடு வந்த நிக்கல்

சிங்கப்பூரில், ஜூரோங்கில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். போல்ட், குழாய், காப்பர் பட்டை என்று எதைக் கொடுத்தாலும் நிக்கல் ஏற்றிவிடுவோம். கடைசி நான்கு வருடம் லேப் சூப்பர்வைசர். கோபக்காரி என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என் தவறு ஒன்றை எழுதுகிறேன். வெற்றிகளை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் தேவன் என் மேஜையில் ஒட்டும் டேப் துண்டு ஒன்றை வைத்தார். அதில் மீன் செதில் மாதிரி நிக்கல் பளபளத்தது.

"இத பாருங்கக்கா. ஃபைபர்ல இருக்க வேண்டியதெல்லாம் டேப்ல இருக்கு. கஸ்டமர் ரொம்ப அப்செட் லா."

வேலை இதுதான். கார்பன் ஃபைபர் என்பது தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு இழை. ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்து ரிப்பன் மாதிரி ரோலில் வரும். நாங்கள் அதன் மேல் நிக்கல் பூசிக் கொடுத்தால், கஸ்டமர் அதை ரெசினில் வைத்துத் தகடாக்கி மின்கருவிகளுக்கு உறை செய்வார். நிக்கல் இழையைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகடு வளையும்போது உள்ளுக்குள்ளேயே உரிந்துவிடும். சோதனை எளிது. ரிப்பனைக் கம்பியில் சுற்றி, டேப்பை ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப் சுத்தமாக வந்தால் பாஸ்.

இரும்பு நிக்கலைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும், கார்பன் ஏற்றுக்கொள்ளாது. போதாக்குறைக்கு, இழை பிசிறாமல் இருக்க ஃபைபர் தயாரிக்கும் இடத்திலேயே அதன் மேல் மெல்லிய பசை ஒன்றைப் பூசி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் சைஸ். முதலில் உலையில் வைத்து அந்த சைஸை எரித்து எடுக்க வேண்டும். பிறகு நைட்ரிக் ஆசிட், அது இழையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். பிறகு டின், பல்லேடியம் கரைசல்கள், கடைசியில் நிக்கல் தொட்டி.

2. மூன்று வாரம்

அந்த லைனைப் பார்த்தவர் பழனிச்சாமி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. ஊரில் லேத் பட்டறைகளில் இருந்துவிட்டு வந்தவர். எங்களிடம் மூன்று வருடம் இரும்பு வேலை செய்தார். முன்பு ஃபைபர் பார்த்த ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால் இவரை அங்கே மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே காலையில் வாயால் சொல்லி முடித்தேன். உலை பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. அங்கே கூட்டிப் போய்க் காட்டவில்லை. எனக்கு எப்போதும் அவசரம்.

அதற்குப் பிறகு தினமும் கதவருகே நின்றபடியே கேட்பேன்.

"பழனிச்சாமி, சைஸ் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க்கா."

"எல்லா ரோலுக்குமா?"

"ஒண்ணு விடாம எடுத்தாச்சுங்க."

லாக் ஷீட்டில் 'சைஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அது நிரம்பியிருக்கும். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

சைஸ் எடுத்தாகிவிட்டது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும். ஆசிட்டில் கூடுதல் நேரம் ஊற வைத்தேன். இழை நொறுங்க ஆரம்பித்தது, நிக்கல் மட்டும் ஒட்டவில்லை. பல்லேடியம் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். பூச்சை மெல்லியதாக்கினேன். பூசிய பிறகு ஓவனில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு முறையும் டேப்பில் அதே செதில்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை தேவன் ரிப்போர்ட் கேட்டார். கஸ்டமர் இன்னும் ஒரு லாட்தான் பார்ப்பாராம், காரணத்தையும் எழுத்தில் கேட்கிறாராம். கரைசல் சரி, கருவி சரி, என் செய்முறையும் சரி. அப்படியானால் ஆள்தான் சரியில்லை என்று கணக்குப் போட்டேன். 'ஆபரேட்டர் பழனிச்சாமி செய்முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை' என்று எழுதினேன். ஆதாரம் எதுவும் கையில் இல்லை.

"அவரு வொர்க் பெர்மிட் அடுத்த மாசம் முடியுதுக்கா. ரினியூ பண்ண வேணாம்னு எச்ஆர்கிட்ட சொல்லிடவா?" என்றார் தேவன்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

இன்று நினைத்தாலும் அந்த இரண்டு வார்த்தைதான் என்னைக் குத்துகிறது.

கம்பெனியில் எதுவும் மறையாது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழனிச்சாமி பக்கத்தில் வந்தார்.

"அக்கா, ஊருக்குப் போகச் சொன்னா போயிக்கிறனுங்க. ஆனா வேலை தெரியாதவன்னு எழுதி அனுப்பாதீங்க. நாலு பட்டறையில மைக்ரோமீட்டர் புடிச்ச கைங்க இது. நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நான் விடலைங்க."

"விடலேன்னா ஏன் உரியுது?" என்று கேட்டேன்.

"அதத்தானுங்க நானும் யோசிக்கிறேன்" என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அவர் பேசியதில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

3. தேக்காவில் ஒரு டெய்லர்

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட் மாடிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். அண்ணன் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் நெரிந்தது. டெய்லர் டேப்பைத் தோளில் வைத்தார், கையில் வைத்தார், நோட்டில் நம்பர்களைக் குறித்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"சைஸ் எடுத்தாச்சுக்கா. அடுத்த வாரம் வாங்க."

நான் நகரவில்லை.

"என்னக்கா, இன்னும் ஏதாச்சும் வேணுமா?"

"இல்ல. நீங்க இப்ப என்ன எடுத்தீங்கன்னு சொன்னீங்க?"

"சைஸுக்கா. அளவு."

பின்னால் நின்ற அம்மாள் என்னை ஒதுக்கிவிட்டு முன்னே போனார். லேத் பட்டறையில் இருந்த மனிதரிடம் போய் 'சைஸ் எடு' என்றால் அவர் எதை எடுப்பார்? ரவிக்கையின் கழுத்து எப்படி வேண்டும் என்று டெய்லர் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நான் கேட்காத டிசைனில் ரவிக்கை போட்டுக்கொண்டு போனது தனிக் கதை.

4. 6.2, 6.3, 6.2

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் லாக் ஷீட் ஃபைலைத் திறந்தேன். 'சைஸ்' கட்டத்தில் பழனிச்சாமியின் குண்டுக் கையெழுத்தில் 6.2, 6.3, 6.2 என்று இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. ரிப்பனின் அகலம், மில்லிமீட்டரில். ஒவ்வொரு ரோலுக்கும் மூன்று இடத்தில் வெர்னியர் வைத்து அளந்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து. நான் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

அவர் வந்ததும் கேட்டேன். "பழனிச்சாமி, ஃபைபர உலையில வச்சீங்களா?"

"உலையிலயா? நீங்க சொல்லவேயில்லீங்களே."

'சைஸ் எடுங்க' என்று சொன்னேன்தான், என் பாஷையில். சைஸ் என்றால் இழை மேல் பூசியிருக்கும் பசை, அதை எரித்து நீக்க வேண்டும் என்று இப்போது முழுதாக விளக்கினேன்.

"அக்கா, எங்கூர்ல பக்கத்துத் தெருவே சைசிங் மில்லுங்க. நெசவுக்கு முன்னாடி பாவு நூலுக்குக் கஞ்சி போடுவாங்க. அது மாதிரிங்களா இது?"

"அதேதான்."

"அடப் போங்கக்கா. கஞ்சியை எடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமுங்களே."

அன்று உலைக்கு நானும் கூடப் போனேன். நானூறு டிகிரியில் அரை மணி நேரம் வைத்தோம். வெளியே வந்த ரிப்பன் பொசபொசவென்று பிரிந்து நின்றது. ஆசிட்டைப் பழைய நேரத்துக்கே குறைத்தோம். மறுநாள் காலை நிக்கல் ஏறியதும் கம்பியில் சுற்றி, டேப்பை ஒட்டி, அவரையே இழுக்கச் சொன்னேன். இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். டேப் கடையில் வாங்கினது போலவே இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தாலும்தான்.

5. ரிப்போர்ட்

வெள்ளிக்கிழமை கொடுத்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிப் புதிதாக எழுதினேன். 'காரணம்: சூப்பர்வைசர் வாய்மொழியாகக் கொடுத்த தெளிவற்ற உத்தரவு. ஆபரேட்டர் மீது தவறு இல்லை.' தேவன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, உலை ப்ராப்ளம்னு போட்டா முடிஞ்சுது லா. எதுக்கு உங்க பேர நீங்களே கெடுத்துக்கிறீங்க?"

"உலை என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்குள்ள யாரும் எதையும் வைக்கவே இல்ல. பெர்மிட் விஷயம் எச்ஆருக்குப் போயிடுச்சா?"

"இன்னும் அனுப்பல."

"அனுப்பாதீங்க. ரினியூ பண்ணச் சொல்லுங்க."

அந்த வருட மதிப்பீட்டில் எனக்கு ஒரு படி குறைந்தது. குறைய வேண்டியதுதான். லாக் ஷீட்டில் 'சைஸ்' கட்டத்தை அடித்துவிட்டு 'கஞ்சி எரித்த நேரம், சூடு' என்று தமிழில் எழுதினேன். ஓய்வு பெறும்வரை யாரிடமும் 'ஆச்சா?' என்று கேட்கவில்லை. 'என்ன செஞ்சீங்க, சொல்லுங்க' என்றுதான் கேட்டேன். முன்னதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பதில் வரும். பின்னதற்கு நடந்தது வரும். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

புது ரிப்போர்ட்டைக் கொடுத்த அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பழனிச்சாமியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரிப்போர்ட்ல என் பேரு போட்டிருந்தீங்களே, அது என்னாச்சுங்க்கா?"

"எடுத்தாச்சு."

"எந்த எடுத்தாச்சுங்க?"

புது ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் தலையாட்டினார்.