மூடி வைத்த பேனா

தாணுமாலயன் திருவடி போற்றி!

தை மாத வளர்பிறைப் பஞ்சமியன்று, விவாகரத்துக்கு மருமகன் இசையாமல் வழக்காட முனைந்ததால், மகளுக்கு வக்கீல் அமர்த்த அவளுடன் நாகர்கோவில் சென்றேன். நரைத்த தலையும் காலர் நைந்த கறுப்புக் கோட்டுமாய் வக்கீல் அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் என் மகளிடம் கேட்டவற்றுக்கெல்லாம் நானே விடையளித்தேன். ஒவ்வொரு முறையும் அவர் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார். நான்காம் முறை சிரித்தார்.

“அண்ணாச்சி, அவன்கூட வாழ்ந்தது நீங்களா? கொஞ்சம் வெளிய இருங்க. மக்கா, நீ சொல்லு.”

வெளியே தேவாரம் ஓதியபடி நின்றேன். என்னிடம் ஒருபோதும் சொல்லாதவற்றை மகள் அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னாள். கதவு திறந்தபோது வக்காலத்தில் அவள் கையெழுத்து இருந்தது. பேனா மூடப்படாமல் கிடந்தது. பின்னர் தீர்ப்பும் அவள் பக்கமே வந்தது.

அந்த அம்மையாரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். இதை வாசிப்போர் அனைவர் இல்லத்துப் பெண்களுக்கும், அவர்கள் பேசும்வரை காத்திருக்கும் ஒருவரை இறைவன் அருள்வானாக.