தொப்பியைக் கழற்றிவிட்டு மணியடித்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. யன்னலோரம் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி புவனம்தான் முதலில் கண்டார்.

"இஞ்சருங்கோ, தொப்பி கையிலை" என்றார்.

 கை வேலையை விடவில்லை. இலையை எறிந்துவிட்டுத் தண்டைச் சட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு வரும் பொலிஸ்காரர் தொப்பியைத் தலையில் வைத்திருந்தால் அது வேறு ஏதோ அலுவல். கையில் வைத்திருந்தால் யாரோ இறந்துவிட்டார்கள். மொன்றியலின் இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் இது தெரியும். எங்களுக்கு ஒரே மகன், ரொறன்ரோவில் இருக்கிறான். படியால் இறங்கி வந்து கதவைத் திறப்பதற்குள் அவனை நான் மூன்று விதமாக இழந்துவிட்டேன்.

வந்தவர் மத்தியூ என்ற நரைத்த மீசைக்காரர். என் பெயரைச் சரிபார்த்தார். பிறகு பிரெஞ்சில் ஒரே வசனத்தில் சொன்னார்: "தாஸ் இறந்துவிட்டார்."

என் மகன் இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. இதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலியே பொய்யாகிவிடும். அந்த நிம்மதி அடங்கிய பிறகுதான் இறந்தது யார் என்பது எனக்குள் இறங்கியது.

மன்னாரைச் சேர்ந்த அமலதாசன், எங்களுக்குத் தாசன், பொலிஸ்காரருக்குத் தாஸ். மொன்றியல் நகரப் பொலிசில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். வயது நாற்பத்தாறு. கார்ட்டியர்வில்லில் தனியாக ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வராததால் கூட வேலை செய்பவர்கள் போய்க் கதவைத் திறந்திருக்கிறார்கள். மாரடைப்பு. ஞாயிற்றுக்கிழமையே நடந்துவிட்டதாம். பொலிசார் நிரப்பும் படிவத்தில், தனக்கு ஏதும் நடந்தால் அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார். அதற்குக் கீழே, மன்னாரிலுள்ள தன் அக்காவைக் குறித்து, "அக்காவுக்கு இவர் சொல்லுவார்" என்றும் எழுதியிருந்தார்.

புவனம் தேநீர் போட்டுக் கொடுத்தார். மத்தியூ அதைக் குடிக்கவில்லை, எழும்பவும் இல்லை. தேநீர் முழுவதும் ஆறிய பிறகுதான் எழுந்தார். "தாஸ்தான் எங்களுக்கு இதைப் பழக்கினார்" என்றார்.

தாசனை நான் முதலில் கண்டது ஒரு சனிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு இங்கே வந்த நான், தேவாலயமொன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சீருடையோடு ஒருவர் வந்து நின்றார். பெற்றோர் கதையை நிறுத்தினார்கள். அகதி வழக்கு முடியாத ஒரு தகப்பன் பின் கதவால் போயே விட்டார். வந்தவர் அதைக் கவனித்தார், கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாஸ்டர், ஒரு உதவி. ஒருத்தற்ற வீட்டை போய்ச் சாவுச் செய்தி சொல்ல வேணும். பதினாறு வயதிலை ஊரை விட்டு வந்தனான். என்ரை தமிழ் கொச்சையா இருக்கும். மரியாதையா எப்பிடிச் சொல்லுறது?"

"இறந்துபோனார் எண்டு சொல்லுங்கோ. அது போதும்" என்றேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, "நீங்களும் கூட வருவீங்களோ?" என்று கேட்டார்.

போனேன். களஞ்சியம் ஒன்றில் வேலை செய்த ஒருவர் பாரந்தூக்கி கவிழ்ந்து இறந்திருந்தார். அவருடைய வீடு மூன்றாம் மாடியில். மணியடிப்பதற்கு முன் தாசன் தொப்பியைக் கழற்றி இடக்கையில் வைத்துக்கொண்டார். கதவுத் துளையால் பார்க்கும் மனைவிக்கு முதலில் ஒரு மனிதத் தலை தெரிய வேண்டுமாம். கதவு திறந்ததும் ஒரே வசனத்தில் சொன்னார். அந்தப் பெண் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் விலகவில்லை. பின்பு தானே குசினிக்குள் போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். அந்தப் பெண்ணின் தங்கை புவாண்ட்-கிளேரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அதுவரை இருந்தோம்.

திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னவை அப்படியே நினைவிருக்கின்றன.

"மூண்டு விசயம் மாஸ்டர். ஒரு வசனத்திலை சொல்லிப்போட வேணும். 'சீரியஸ்', 'ஆசுப்பத்திரியிலை' எண்டு இழுக்கக் கூடாது. அடுத்தது, கேட்டதுக்குப் பொய் சொல்லக் கூடாது. ஒரு பொய் சொன்னா பேந்து எல்லாத்தையும் பொய் எண்டு நினைப்பினம். மூண்டாவது, சொன்னவன் உடனை எழும்பக் கூடாது. தேத்தண்ணி ஆறுமட்டுமாவது இருக்க வேணும்."

அதன்பிறகு மொன்றியலில் எந்த மூலையில் தமிழர் ஒருவர் விபத்திலோ வேலையிடத்திலோ இறந்தாலும் தாசனைத்தான் அனுப்பினார்கள். லீவு நாளிலும் கூப்பிட்டார்கள். "நான் போகாட்டி வேறை ஆள் போவான். கதவிலை நிண்டு இங்கிலீசிலை சொல்லிப்போட்டுப் போயிடுவான்" என்பார்.

இதனால் அவருக்கு வந்த கதியை விளங்கப்படுத்த ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பெறுபேற்றைச் சுவரில் ஒட்டும் ஆசிரியரைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. புள்ளி போட்டவர் வேறொருவர். ஆனாலும் கையில் பசையோடு நிற்பவரைத்தான் வெறுப்பார்கள். எங்கள் சனமும் அந்தப் பிள்ளைகளைப் போலத்தான். தெருவில் தாசனைக் கண்டால் முதலில் அவருடைய தொப்பி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். அவர் போன வீடுகளில் எவரும் அவரைக் குறை சொன்னதில்லை, திரும்பக் கூப்பிட்டதும் இல்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் நானும் அவரும் பக்கத்தில் இருந்தோம். சாதாரண உடுப்போடுதான் வந்திருந்தார். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் குனிந்து, "தாசன், குறை நினையாதேங்கோ. உங்களைக் கண்டா எனக்கு நெஞ்சு இடிக்குது. சோறு இறங்குதில்லை. மற்றப் பக்கம் இருந்தா என்ன?" என்றார்.

"உங்கட வண்டி வயித்துக்கு இண்டைக்கு ஒரு நாள் இறங்காட்டி நல்லது அண்ணை" என்றார் தாசன். மேசை முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எழுந்து மற்றப் பக்கம் போய் இருந்தார். அதன்பின் கல்யாணங்களுக்கு அவர் போனதை நான் காணவில்லை.

அவருக்கு ஒரு சம்பந்தம் பேசினேன். பெண்ணுக்கும் விருப்பம். தாய்தான் மறுத்தார். "நல்ல பிள்ளை மாஸ்டர், ஒரு குறையும் இல்லை. ஆனா என்ரை தம்பி செத்ததை வந்து சொன்ன வாய் அது. நாளாந்தம் முன்னுக்கு வைச்சுப் பாக்க என்னாலை ஏலாது." தாசனிடம் வேறு காரணம் சொல்லலாமென்று போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இழுக்காதேங்கோ மாஸ்டர், ஒரு வசனத்திலை சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். தலையாட்டினார்.

அந்த நாட்களில் ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. புவனம் நண்டு வாங்கிவந்து கறி வைப்பார். வருவதற்கு முன் தாசன் கட்டாயம் ரெலிபோன் எடுப்பார். எந்த வீட்டுக்குப் போவதென்றாலும் எடுப்பார். எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்: "தாசன் கதைக்கிறன். ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. சும்மா வரட்டோ?"

ஒரு நாள் அந்த ரெலிபோன் வரவில்லை.

நத்தார் பண்டிகைக்கு முதல் நாள். காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. மகன் ரொறன்ரோவிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தான். எங்கள் பக்கம் வேலையில் நின்ற தாசன், நத்தார் கேக் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று இறங்கியிருக்கிறார். கைத்தொலைபேசியில் சார்ச் இல்லை. இரண்டு நிமிட வேலைதானே என்று நினைத்திருக்கிறார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. தொப்பி பறக்கப் பார்க்க, அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

புவனம் யன்னலால் கண்டார்.

நான் கதவடிக்கு ஓடி வந்தபோது புவனம் அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். கேக் பெட்டி பனிக்குள் கிடந்தது. "அக்கா, ஒண்டும் இல்லை. காத்துக்குத்தான் கழட்டினனான். அக்கா, காத்துக்கு" என்று தாசன் திரும்பத் திரும்பச் சொன்னார். புவனத்துக்கு அது காதில் ஏறவில்லை. மகன் இரண்டு மணித்தியாலத்தில் சுகமாக வந்து சேர்ந்தான். புவனம் மூன்று நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை.

நான் தாசனுக்கு ரெலிபோன் எடுத்தேன். "தம்பி, கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதேங்கோ. மனிசி பயந்துபோய் இருக்கிறா."

"ஓம் மாஸ்டர். விளங்குது."

கொஞ்ச நாள் என்றுதான் சொன்னேன். அது மூன்று வருடமாகியது. புவனத்துக்கு இரண்டே மாதத்தில் பயம் தெளிந்துவிட்டது. "அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோவன்" என்று சொல்லவும் செய்தார். கூப்பிட்டிருக்க வேண்டியவன் நான். என்ன சொல்லித் தொடங்குவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது நீள நீள, தொடங்குவது இன்னும் கடினமாகியது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியில் கோப்பி குடிப்போம். ஒவ்வொரு முறையும் எழும்பும்போது, "அக்கா எப்பிடி?" என்று கேட்பார். "சுகம்" என்பேன். கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பார். அவர் எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு காருக்குப் போய்விடுவார்.

இறுதிச் சடங்கில் தேவாலயத்தின் வலப்பக்கம் முழுவதும் பொலிசார். இடப்பக்கம் எங்கள் ஆட்கள், நான் எதிர்பார்த்ததை விட அதிகம். பெரும்பாலும் அவர் செய்தி கொண்டுபோன வீட்டுக்காரர். சேர்ந்து வரவில்லை. ஒவ்வொருவராக வந்து, இடம் விட்டு விட்டு இருந்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது பலசரக்குக் கடைக்காரர் என் கையைப் பிடித்தார். "எல்லாற்ற வீட்டுக்கும் நேரை போய்ச் சொன்ன மனுசன். அந்த மனுசன்ரை சாவை நாங்கள் ரேடியோவிலை கேட்டம், மாஸ்டர்."

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியூ போன பிறகு நான் செய்த வேலையைக் கடைசியில் சொல்லலாமென்று விட்டிருந்தேன். "அக்காவுக்கு இவர் சொல்லுவார்" என்று எழுதியிருந்தாரல்லவா? ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அவருடைய அக்கா ஜெயராணியோடு நான் அதற்கு முன் கதைத்ததில்லை.

"மொன்றியலிலை இருந்து கதைக்கிறன், தங்கச்சி. தாசன்ரை மாஸ்டர். தாசன் இறந்துபோனார்."

ஒரு வசனம். தாசனுக்கு நான் செய்த ஒரே மரியாதை அது.

மறுமுனையில் அழுகை எழுந்தது. பின்னால் வேறு குரல்களும் கேட்டன. நான் இருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்: "சாகேக்கை ஆர் பக்கத்திலை இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை, தங்கச்சி."

"ஞாயிற்றுக்கிழமை எண்டுறீங்கள். ஞாயிற்றுக்கிழமையிலை உங்கட வீட்டிலை எல்லே நிப்பான்? போன கிழமையும் சொன்னவன். மாஸ்டர் வீட்டு அக்கா நண்டுக்கறி வைச்சவ, வயிறு நிறையச் சாப்பிட்டனான் எண்டு சொன்னவன். அவவுக்கு நான் நன்றி சொன்னதெண்டு சொல்லுங்கோ."

யாருக்கும் பொய் சொல்லாத மனிதர், மூன்று வருடமாகத் தன் அக்காவுக்குக் கிழமைக்கொரு பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்க்குள் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் வாய்வரைக்கும் வந்தது. கேட்டதுக்குப் பொய் சொல்லக் கூடாது என்றவருடைய சாவைச் சொல்லும்போது எப்படிச் சொல்வேன்?

"இல்லை, தங்கச்சி. தாசன் எங்கட வீட்டை வந்து மூண்டு வருசம். வராதேங்கோ எண்டு நான்தான் சொன்னனான். பேந்து வாங்கோ எண்டு சொல்லேல்லை."

 வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். கார்ட்டில் இன்னும் ஒரு நிமிடம் இருப்பதாகப் பதிவுக் குரல் சொல்லியது. அப்போது அவருடைய குரல் வந்தது.

"வைச்சுப்போடாதேங்கோ, மாஸ்டர். கொஞ்சம் இருங்கோ."

புவனம் இரண்டாவது கார்ட்டைச் சுரண்டிக் கையில் வைத்திருந்தார். திரும்ப எடுத்தேன்.  மன்னாரில் ஒரு வீட்டின் மூச்சையும் நாயின் குரைப்பையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். என் முன்னால் புவனம் வைத்த தேநீர் ஆறியது. அதன் பிறகும் இருந்தேன்.

போன ஞாயிறு புவனம் நண்டு வாங்கினார். மூன்று தட்டம் வைத்தார்.  வெளியே ஆற்றுக்காற்று கதவை இடித்தது.

போய் வாருங்கள், தாசன். காற்றடித்தால் தொப்பியைக் கழற்றிக்கொள்ளுங்கள்.