முத்து பாயின் தம்

மைதா மாவைக் கயிறு மாதிரி உருட்டி, பிரியாணி தேக்சாவின் வாயைச் சுற்றி ஒட்டிக்கொண்டே வருகிறார் முத்து முகம்மது. ஒரு விரலால் அழுத்துவது, நகர்வது, மறுபடி அழுத்துவது. சுற்றி முடித்ததும் மூடியை வைத்து அமுக்கி, அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை அள்ளி மூடியின் மேல் பரப்புகிறார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, சம்பந்தி வீட்டுப் பெரிய மனிதர் மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். இனி பெண்ணின் அப்பா வந்து கேட்டாலும் சரி, மாப்பிள்ளையே வந்து கேட்டாலும் சரி, பதில் ஒன்றுதான்.

"செத்த நேரம் பொறுங்க. கை சொல்லணும்."

கை என்றால் அவருடைய வலது உள்ளங்கை. அவ்வப்போது எழுந்து, மூடியின் ஓரத்தில் கங்கு இல்லாத இடமாகப் பார்த்து அதை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி முக்காலிக்கு வந்துவிடுவார். கை சொன்ன பிறகுதான் மாவு உடையும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு வட்டாரத்தில் முத்து பாய் போட்ட தம்மை அவரைக் கேட்காமல் உடைத்தவர் யாரும் இல்லை. மரியாதை என்று மட்டும் சொல்ல முடியாது, பயமும் உண்டு. அரிசி வேகாமல் போனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கு யார் பதில் சொல்வது?

பிரியாணி மாஸ்டர் என்றால் தொந்தி இருக்கும் என்று நம்புகிறவர்களை ஏமாற்றுகிற ஒல்லி உடம்பு. கட்டம் போட்ட கைலி, கை வைத்த பனியன், தலையில் ஈரத்துண்டு. முழங்கைக்குக் கீழே ஒரு ரோமம்கூடக் கிடையாது. எல்லாம் அடுப்புக்குப் போய்விட்டது. குரல் மட்டும் பெரியது. விறகு உடைப்பவனை, வெங்காயம் உரிக்கும் பெண்களை, வேடிக்கை பார்க்க வரும் என்னைப் போன்றவர்களை எல்லாம் ஒரே குரலில்தான் விரட்டுவார். "ஏலே, அது புளிய வெறகு, முதுகு கொடுக்கிற மாடு இல்ல, தடவிக்கிட்டு நிக்காத!"

அவருக்கென்று சில விதிகள் உண்டு. முதல் தட்டு அட்வான்ஸ் கொடுத்தவருக்குத்தான் போக வேண்டும். அது மந்திரியே வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாக இருந்தாலும் மாறாது. இன்னொரு விதி, சமைக்கும் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். உப்பை ஆவியில் முகர்ந்தே சொல்லிவிடுவார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சிய இளவயதில் வந்த பழக்கம். நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாதல்லவா? அதுவே நிலைத்துவிட்டது.

"நாக்க நம்பாதீக அண்ணாச்சி. பசிச்ச நாக்கு ஒண்ணு சொல்லும், வயிறு நெறஞ்ச நாக்கு வேற சொல்லும்" என்பார்.

அவர் வீடு கான்சாபுரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டிய மணலூத்து என்ற சிற்றூரில். ஊருக்கு மேலே மலை இறங்கும் இடத்தில் ஓடையை மறித்து ஒரு சின்ன அணை. ராஜபாளையத்து மில் ஒன்று அறுபத்து நான்காம் வருஷம் முப்பது வருஷ அரசாங்க உரிமம் வாங்கிக் கட்டியது. அணைக்குக் கீழே ஒரு பவர் ஹவுஸ், அதில் ஒரே ஒரு மெஷின். சாயங்காலம் ஆனால் ஆலைகளுக்கு மின்வெட்டு வரும். அந்த நேரத்தில் மெஷினை ஓட்டினால் தறி நிற்காது. அதற்காகப் பகல் முழுவதும் ஷட்டரை இறக்கித் தண்ணீரைத் தேக்குவார்கள். பகலில் ஓடை வெறும் மணல். இருட்டும் நேரத்தில் செக்கச் சிவந்த தண்ணீர் மூன்று மணி நேரம் திமுதிமுவென்று போகும்.

மணலூத்துப் பெண்கள் குடிதண்ணீருக்கு ஓடை மணலில் ஊற்றுத் தோண்டுகிறவர்கள். தோண்டிய பள்ளத்தை அந்தச் சாயங்கால வெள்ளம் மூடிவிடும். மறுநாள் காலையில் மறுபடி தோண்ட வேண்டும். பங்குனி, சித்திரையில் இடுப்பளவு தோண்டினாலும் ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஷட்டரை எப்போதும் ஒரு சாண் மட்டும் தூக்கி வைத்தால் ஓடை காயாது, ஊற்றுத் தோண்டவே வேண்டாம். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். மில்லிடம் கேட்டவர்தான் யாரும் இல்லை. வீட்டுக்கு ஒருவர் மில்லில் வேலை பார்த்தால் எப்படிக் கேட்பது?

தொண்ணூற்று நான்காம் வருஷம் உரிமம் முடிந்தது. இன்னொரு முப்பது வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உத்தரவு. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். பத்திரிகைக்குச் செய்தி எடுக்க நானும் போயிருந்தேன்.

அணைக்குப் பக்கத்தில் பந்தல். அதிகாரி வர நேரமாகியது. மில் மேனேஜர் தேவஇரக்கம் தங்கமான மனிதர். "வெயில்ல வந்திருக்காங்க, வெறும் வயித்தோட எப்படி உக்கார வைக்கிறது?" என்று பந்தியை முதலிலேயே போடச் சொல்லிவிட்டார். சமையல் முத்து பாய். மில்லின் ஆயுத பூஜை, பொங்கல், முதலாளி வீட்டு விசேஷம் எல்லாம் வருஷக்கணக்காக அவர் கையில்தான் இருந்தது. அவர் வீட்டு அடுப்பு எரிவதே அதில்தான்.

அதிகாரி வந்து, "அணையைப் பற்றி யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டபோது பந்தலில் ஏப்பச் சத்தம் மட்டும் கேட்டது. சோறு போட்டவன் முகத்துக்கு நேரே, கை ஈரம் காய்வதற்குள் குறை சொல்வது இந்தப் பக்கத்தில் வழக்கம் இல்லை. எதிரி வீட்டில் சாப்பிட்டால்கூட அன்றைக்கு ஒரு நாள் சண்டைக்கு விடுமுறை விடுகிற ஊர் இது. அதிகாரி மறுபடி கேட்டார். கடைசியில் கருத்தையா எழுந்தார். ஊரில் கொஞ்சம் வாய் உள்ளவர். தொண்டையைக் கனைத்தார், மேனேஜரைப் பார்த்தார், "சாப்பாடு நல்லாருந்துச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று முத்து பாய் வீட்டுக்குப் போனதும் மனைவி நூர்னிசா குடத்தை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாராம்.

"ஊரு வாய யாரு அடச்சான்னு எல்லாரும் பேசிக்கிட்டு இருக்காக. நீங்கதான் அடச்சீக. கறித்துண்ட வச்சு அடச்சீக. இன்னும் முப்பது வருசம் நான் மண்ணத் தோண்டணும்."

இதை என்னிடம் சொன்னவர் முத்து பாயே. "நான் ஆக்குன சோத்துக்கு இப்படி ஒரு பேரு எனக்கு வேணாம் அண்ணாச்சி" என்றார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

ஆனால் அரசாங்கத்துக்கும் சில சமயம் நல்ல புத்தி வரும். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டியிருக்கிறார். பொதுமக்கள் கருத்து என்ற தலைப்பின் கீழ் "சாப்பாடு நன்றாக இருந்தது" என்ற ஒரு வரிதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு அணைக்கு எப்படி உரிமம் கொடுப்பது என்று, சித்திரையில் இன்னொரு கூட்டம் போடச் சொல்லிவிட்டார்.

அதே பந்தல், அதே மேனேஜர், அதே முத்து பாய். இந்த முறையும் அதிகாரியின் ஜீப் வரவில்லை. பதினோரு மணி வாக்கில் தேவஇரக்கம் சமையல் பக்கம் வந்தார்.

"பாய், பந்தியப் போட்டுருவோமா?"

முத்து பாய் மூடியில் கையை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். "செத்த நேரம் பொறுங்க சார். கை சொல்லல."

ஜீப் வந்தது. கூட்டம் தொடங்கியது. ஜனங்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பேசவும் செய்தார்கள். ஒருவர் பஸ் வேண்டும் என்றார். ஒருவர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளவு குறைவு என்றார். கருத்தையா தெருவிளக்கைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார். எல்லாரும் ஓடையைச் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர, யாரும் காலை நனைக்கவில்லை. எனக்கே பொறுமை போய்விட்டது.

மேனேஜர் மறுபடி வந்தார். மூடியின் மேல் குனிந்து ஊதினார். சாம்பல்தான் பறந்தது. சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

"கங்கு எப்பவோ அணைஞ்சுருச்சே பாய்."

"அணைஞ்சுருச்சு சார்."

"பொறவு என்ன?"

"கை சொல்லணும்ல."

தேவஇரக்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது. பரிமாற நின்ற மில் ஆட்களிடம் உடைக்கச் சொல்லியிருக்கலாம். அவர்களும் முத்து பாயின் தம்மில் கை வைத்திருக்க மாட்டார்கள், அது அவருக்கும் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஆயுத பூஜைக்கு நான் வேற ஆள் பாத்துக்கிடவா?"

கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார்.  முத்து பாயின் உள்ளங்கை மூடியின் மேலேயே இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூடியில் அப்போது சூடே இல்லை.

அதற்குள் பந்தலில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள். கரும்பு வெட்டப் போகிறவள், மகன் மில்லில் வேலை. கையில் தூக்குவாளியோடு சோற்றுக்காகவே வந்திருந்தவள்.

"அய்யா, எங்களுக்குப் பஸ்ஸு வேண்டாம், லைட்டும் வேண்டாம். இவிய பேசி முடிக்கிறதுக்குள்ள பசியில உசிரு போயிரும், நான் சொல்லிட்டே போயிருதேன். அந்த சட்டர ஒரு சாண் தூக்கி வைங்க. பகல்லயும் தண்ணி ஓடட்டும். வெடிஞ்சா நாங்க தோண்டுதோம், பொழுது அடஞ்சா நீங்க மூடுதீக. எம்புட்டு நாளைக்குய்யா தோண்டுறது?"

 பிறகு நூர்னிசா எழுந்து, "அந்த அக்கா சொல்றது நெசம்" என்றார். அப்புறம் பெண்கள் வரிசை முழுவதும் பேசியது. கடைசியில் ஆண்களும் பேசினார்கள். கருத்தையா, தான் முதலிலிருந்தே இதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னார். அதிகாரி கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுத வைத்தார். "ஒரு சாண்… எப்பொழுதும்…"

சரக்கென்று ஒரு சத்தம். முத்து பாய் கத்தியை மாவில் ஓட்டிவிட்டார். மூடி திறந்ததும் மணம் பந்தலுக்குள் போனது. தெருவிளக்கை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்திருந்த கருத்தையா பேச்சை நிறுத்திவிட்டார்.

முதல் தட்டை முத்து பாய் தேவஇரக்கத்திடமே கொண்டுபோய் நீட்டினார். விதி விதிதான். மேனேஜர் ஒரு கணம் தயங்கி வாங்கிக்கொண்டார். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டார்.

"சூடு கொஞ்சம் கம்மி பாய். மத்தபடி ஒரு கொறையும் இல்ல."

"சரிங்க சார்" என்றார் முத்து பாய். அதோடு பேச்சு முடிந்தது.

ஆடி மாதம் புது உரிமம் வந்தது. முப்பது வருஷத்துக்குத்தான். ஷட்டர் எந்நேரமும் ஒரு சாண் தூக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளே இருந்தது. மில்காரர்கள் முனகாமல் தூக்கி வைத்தார்கள். மெஷின் இன்னும் ஓடுகிறது, தினமும் அரைமணி நேரம் முன்னால் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அந்த வருஷம் ஆயுத பூஜைச் சமையலுக்கு மில்லுக்கு வேறு மாஸ்டர் போனார். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. முத்து பாய் இப்போது கல்யாணங்களை நம்பித்தான் இருக்கிறார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வீட்டில் கஷ்டம்தான். அவரே சொல்கிறார், ஆனால் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்.

போன ஆயுத பூஜை அன்று மணலூத்துக்குப் போயிருந்தேன். உச்சி வெயில். அவர் வேலையில்லாமல் ஓடையில் இறங்கி, சும்மா கிடந்த பெரிய தேக்சாவைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கணுக்கால் அளவுத் தண்ணீர் கல்லைச் சுற்றித் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. சற்று மேலே ஆவுடையம்மாள் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் தோண்டிய பள்ளம் எதுவும் இல்லை.

"இன்னைக்கு மில்லுல விருந்து போல பாய்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். வலது உள்ளங்கையை ஓடும் தண்ணீரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் அப்படியே இருந்தார். பிறகு அந்தக் கையாலேயே ஒரு வாய் அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.