பதிவேட்டில் அவர் எழுதிய என் தவறு

வேலுச்சாமி மாஸ்டர் இறந்த செய்தி நம் மில் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றுக்கு அடியிலேயே பொது மேலாளரின் செய்தி: 'நாளைக் காலை ஷிப்டுக்கு ஆள் குறைவு. யாரும் லீவு கேட்க வேண்டாம்.'

மூன்றாம் நாள் ஸ்பின்னிங் பிரிவில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி. மெஷின்களை நிறுத்தவில்லை. அந்த இரைச்சலில் வாயை மூடி நின்றோம். பேசியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. பிறகு கேன்டீனில் பொது மேலாளர் பேசினார். "வேலையில அங்கன இங்கன தப்பு பண்ணியிருக்காரு. ஆனாலும் தங்கமான மனுஷன்." குழுவில் இருக்கும் நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

எந்தத் தப்பு என்று நான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. டிப்ளமோவில் முதல் வகுப்பு என்ற திமிர். நூலின் பருமனைத் தீர்மானிக்கும் பல்சக்கரத்தை மாற்றச் சொன்னார்கள். "பல்ல எண்ணிட்டு மாட்டுலே" என்றார் ஃபிட்டர் முருகையா. "எல்லாம் தெரியும் அண்ணாச்சி" என்று எண்ணாமலே மாட்டினேன். ஒரு பல் வித்தியாசம். நூல் தடித்து, அனுப்பிய லோடு முழுவதும் திரும்பி வந்தது.

பிரிவுக்குப் பொறுப்பான மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"நாந்தான் மாஸ்டர்."

"தெரியும்லே. பல்ல எண்ணுனியா?"

"இல்ல."

"படிச்ச படிப்புல எண்ண மட்டும் சொல்லித் தரலையோ?"

சிரித்துக்கொண்டே பதிவேட்டை இழுத்து, 'தவறுக்குப் பொறுப்பு' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். "எம்பேர எழுதுனா வைவாங்க. உம்பேர எழுதுனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. போயி சோலியப் பாரு."

பொது மேலாளர் பதவி அந்த வருடம் அவருக்கு வந்திருக்க வேண்டியது. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் மறுத்தார்கள். அந்த நாற்காலியில் இருப்பவர்தான் கேன்டீனில் அவர் தப்புகளை மன்னித்தருளினார்.

அன்று கேன்டீனை விட்டு வெளியே வந்ததும் முருகையா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, நீ ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க ஏன் அண்ணாச்சி தொறக்கல?"

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் கெடக்குல்லா."

நல்ல காரணம்தான். எனக்கும் ஒன்று இருந்தது: பணி நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. ஆளுக்கொரு காரணத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவர் படத்துக்குப் பூப் போட்டோம்.

நேற்று அந்தப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அவர் பெயரைக் குறுக்கே அடித்து, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்து, இந்தக் குறிப்போடு அதே குழுவில் போடுகிறேன். இனி உத்தரவு வராமலும் போகலாம். போகட்டும்.

புரட்டிப் பார்த்தபோது, அவர் பெயர் இன்னும் பதினோரு பக்கங்களில் இருந்தது. அவை யாருடைய தவறுகள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டுதான்: பல்லை எண்ணும் பழக்கமும் இந்தப் பதிவேடும். என் மேஜையில்தான் இருக்கிறது. வாருங்கள், பேனா நான் தருகிறேன்.