பாதி வழி வந்த பாஸ்போர்ட்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. ஓமன் நாட்டில் ஹைமா என்ற ஊரின் பெட்ரோல் பம்பில் காரை நிறுத்தியிருந்தேன். கூட என் மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன். அன்று நடந்ததை என் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அவர்கள் வயதுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் சந்தோஷம். நான் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு துபாயில், சத்வாவில், ஒரே ஒரு அறை. நான் ஏ.சி. மெக்கானிக். பதினான்கு வருடமாக ஒரே கம்பெனி. ஜூலை, ஆகஸ்டில் துபாயில் வெளியே தலைகாட்ட முடியாது. அதே நேரத்தில், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஓமனின் தெற்குக் கோடியில் இருக்கும் சலாலாவில் மட்டும் சாரல் அடிக்கும், மலையெல்லாம் பச்சையாகிவிடும். என் மகன் மழையில் நனைந்ததே இல்லை. துபாயில் எப்போதாவது மழை பெய்தால் அவன் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், நாங்கள் ஜன்னலைச் சாத்திவிடுவோம். இந்த வருடம் எப்படியாவது அவனைச் சாரலில் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

லீவு கேட்டபோது சூப்பர்வைசர் முறைத்தார். போன மாதம்தான் இரண்டு பேரைக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். "திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புது சைட்டை ஒப்படைக்கிறோம். அன்னைக்கு நீ வரலைன்னா அப்புறம் வரவே வேண்டாம்" என்றார். வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். என் வேலை போனால் என் விசா போகும். என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற மூவரின் விசாவும் நிற்கிறது.

இங்கே பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பாஸ்போர்ட் எப்போதும் கம்பெனி ஆபீஸ் அலமாரியில்தான் இருக்கும். ஊருக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டு வாங்குவேன், வந்ததும் கொடுத்துவிடுவேன். இந்தப் பயணத்துக்கும் அப்படித்தான் வாங்கியிருந்தேன். சட்டப்படி அது நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்பதில்லை. பத்திரமாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம். மற்ற நாளில் என் பர்ஸில் இருப்பது ஒரு நகல் மட்டும்தான், நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்த நகல்.

சலாலாவில் நாங்கள் தங்கியது, ஒரு தோட்டத்துக்குள் இருந்த மலிவான ரிசார்ட். வாழையும் தென்னையும் பப்பாளியும் நிற்கும் தோட்டத்தின் நடுவே எட்டுச் சின்ன அறைகள். எங்களுடையது ஆறாம் நம்பர். உரிமையாளர் அந்த ஊர்க்காரர், நாற்பது வயது இருக்கும். நம் ஊர்ச் சாரம் மாதிரி ஒரு கட்டம் போட்ட துணி கட்டிக்கொண்டு அவரே தண்ணீர் பாய்ச்சினார், அவரே சாவி கொடுத்தார். நன்றாக இந்தி பேசினார். நாங்கள் போய்ச் சேர்ந்த வியாழக்கிழமை ஒரே கூட்டம். நகல் எடுக்கும் மெஷினும் வேலை செய்யவில்லை. "பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டுப் போங்க பாய், அப்புறம் பதிஞ்சுக்கிறேன்" என்றார். நாலு பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று நாளும் பிள்ளைகள் சாரலில் ஆடினார்கள். ஆனால் எனக்கு அந்த இடத்தின் மேல் கோபம். போனில் பார்த்த படத்தில் நீச்சல் குளம் என்று போட்டிருந்தது, வந்து பார்த்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் சிமெண்டுத் தொட்டி. கூரை மூலையில் ஒழுகியது. குளியலறையில் வெந்நீர் வரவில்லை. இரண்டு முறை சொன்னேன். "ஆளுக்குச் சொல்லியிருக்கேன் பாய், மழையில வர மாட்டேங்கிறான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், அவரிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல், சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுக் கிளம்பிவிட்டேன். "போகும்போது என்னைப் பாத்துட்டுப் போங்க" என்று அவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். அப்படி என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் ஏறும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, எல்லாம் எடுத்தாச்சா? பாஸ்போர்ட்டு?"

சட்டைப் பையில் இருந்த பிளாஸ்டிக் கவரை மேலாக அமுக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. "இருக்கு, இருக்கு" என்றேன். உள்ளே இருந்தவை கார் இன்சூரன்ஸ் காகிதமும் விசா நகல்களும்.

மலை இறங்கியதும் வழியில் ஒரு டீக்கடையில் பரோட்டா சாப்பிட்டோம். அங்கே உட்கார்ந்துகொண்டு, அந்த ரிசார்ட்டைப் பற்றி ஒரு ரிவ்யூ போட்டே ஆக வேண்டும் என்று மகளிடம் போனைக் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. நான் தமிழில் சொல்ல அவள் மாற்றி அடிப்பாள்.

"ஒரு ஸ்டார் போடு. குளம்னு சொல்லி ஏமாத்துறாங்கன்னு எழுது. வெந்நீர் கிடையாதுன்னு எழுது."

"அப்பா, எங்களுக்கு அந்தத் தொட்டி ரொம்பப் பிடிச்சுதேப்பா. சூப்பரா இருந்துச்சு."

"நீ அடி."

அடித்து அனுப்பினாள். எனக்கு மனம் ஆறியது. அதற்குப் பிறகு நாலு மணி நேரம் வெறும் பாலைவனச் சாலை. அப்படித்தான் ஹைமா வந்து சேர்ந்தோம்.

பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது மகன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அப்பா, என் பாஸ்போர்ட்ல சீல் அடிச்சாங்கல்ல, அதைக் காட்டுங்கப்பா" என்றான். கவரை எடுத்து விரித்தேன். காகிதம் காகிதமாக வந்தது. திரும்பக் கொட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு டிராயர் பூட்டும் சத்தம்தான் காதில் கேட்டது.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அங்கயே விட்டுட்டு வந்துட்டியளா?"

காகிதங்களை அள்ளிக் கவருக்குள் திணித்தேன். அங்கிருந்து சலாலா ஐந்நூறு கிலோமீட்டர் பின்னால். எல்லை, அதைவிட அதிகமாக முன்னால். பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையில் விட மாட்டார்கள். திரும்பிப் போய் வாங்கிக்கொண்டு வந்தால் ஹைமாவுக்கு மறுபடி வரவே ராத்திரி ஒன்பது ஆகும். அதற்கு மேல் துபாய் வரை ஓட்ட வேண்டும். காலை ஏழு மணி சைட் போச்சு என்றுதான் தோன்றியது.

நெருப்பு மாதிரி வெயில்.  சரி, புலம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை, என்ன ஆனாலும் ஏழு மணிக்கு நான் சைட்டில் நிற்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முதலில் அந்த மனிதருக்குப் போன் செய்ய வேண்டும். ரிவ்யூ போட்டு நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பார்க்காமல் இருக்க மாட்டார்.

எடுத்ததும், ஆறாம் நம்பர் ரூம்காரன் பேசுகிறேன் என்றேன்.

 "ஆறாம் நம்பர். வெந்நீர்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டது. நாலும் இருக்கிறது என்றார். நான் திரும்பி வருகிறேன் என்றதும், "நாளைக்கு ட்யூட்டியா?" என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். அவர் சொன்னார்:

"பாய், டிராயர் என்னுது. காலையில நானும் ஞாபகம் வச்சிருக்கணும். அதனால பாதித் தப்பு என்னுது, பாதி உன்னுது. நீ பாதி வழி திரும்பி வா. நான் பாதி வழி வர்றேன். கலாஸ், அவ்வளவுதான்."

வழியில் எந்தப் பெட்ரோல் பம்ப் என்று அடையாளம் சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார். அந்த மலையில் அப்போது பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத மூடுபனி. அந்த மூடுபனியில் ஏறி, பிறகு பாலைவனத்தில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் வர வேண்டும். அதே தூரம் திரும்பிப் போக வேண்டும். சீசன் நேரத்தில், எட்டு அறையும் நிரம்பியிருக்கும்போது.

மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே ஹோட்டலில் உட்கார வைத்துவிட்டு, தனியாகப் போய்ச் சீக்கிரம் வந்துவிடலாம் என்பது என் எண்ணம். அவள் காரை விட்டு இறங்கவே இல்லை.

"நீங்க தனியா போனா பறப்பிய. நாங்க உள்ள இருந்தாத்தான் மெதுவா போவிய. காரை எடுங்க."

எடுத்தேன். வந்த சாலையிலேயே திரும்பிப் போவது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டரை மணி நேர ஓட்டம். நடுவில் மகள், "அவர் வராம போயிட்டா என்னப்பா செய்வோம்?" என்று கேட்டாள். நாம் போய்க்கொண்டே இருப்போம், அவர் வரும் வரைக்கும் போவோம் என்றேன்.

நாங்கள் அந்தப் பம்புக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வெள்ளைப் பிக்கப் ஒன்று வந்து நின்றது. அதே கட்டம் போட்ட துணியோடு இறங்கினார். முழங்கால் வரைக்கும் தோட்டத்துச் சேறு காய்ந்திருந்தது. பாஸ்போர்ட்டுகள் இருந்த ஒரு கவரைக் கொடுத்தார். நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"திற. எண்ணு. ஒவ்வொண்ணா முகத்தைப் பாரு."

பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்று எண்ணினேன். நாலு பேர் முகத்தையும் பார்த்தேன்.

"என்கிட்ட வர்றவங்க பாஸ்போர்ட் குடுத்தா ஒரு மணி நேரத்துல வந்து நிப்பாங்க, எப்ப தருவேன்னு கேட்டு. நீ மூணு நாளா ஒரு தடவை கூடக் கேக்கல. இது உன்னுதுதானே?"

என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். பதினான்கு வருடமாக அது வேறொருவர் அலமாரியில்தான் இருக்கும், கேட்டுப் பழக்கமில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

மகள் என் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "அங்கிள், அந்த ஒன் ஸ்டார் நான்தான் டைப் பண்ணேன். சாரி" என்றாள் இங்கிலீஷில்.

"வெந்நீர் வரலைன்னு எழுதினது நிஜம்தான்" என்றார் அவர். "நிஜத்துக்கு ஏன் சாரி? தொட்டி பிடிச்சுதா?"

"ரொம்ப" என்று மகன் கத்தினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துபாயில் ஏ.சி.க்கு அடுத்து நான் தினமும் கழற்றி மாட்டுவது வாட்டர் ஹீட்டர். அந்த அறையில் போனது தெர்மோஸ்டாட்டாகத்தான் இருக்கும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். காரில் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் எல்லாம் இருந்தன. காசு கொடுத்துத் தங்க வந்த இடத்திலும் ஸ்பானர் பிடிப்பதா என்று மூன்று நாளும் வீம்பாகப் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறேன். வெட்கத்தை விட்டு அதை அவரிடம் சொன்னேன். எந்த மூடியைக் கழற்ற வேண்டும், முதலில் எந்த ஸ்விட்சை அணைக்க வேண்டும், கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தேன். அதை அவர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வண்டியிலிருந்து ஒரு பெட்டிப் பப்பாளியை எடுத்து எங்கள் கார் டிக்கியில் வைத்துவிட்டு, "யல்லா, கிளம்பு, ஏழு மணி" என்றார்.

திரும்பும் வழியில் மகள் ரிவ்யூவைத் திறந்து, அழிக்கட்டுமா என்று கேட்டாள். உனக்கு எது நியாயமோ அதை எழுது என்றேன். மூன்று ஸ்டார் போட்டாள். வெந்நீரைப் பற்றிய வரியை அப்படியே விட்டுவிட்டு, தொட்டியைப் பற்றியும் அந்த மனிதர் ஓட்டி வந்த தூரத்தைப் பற்றியும் எழுதினாள்.

எல்லையில் நாலு பாஸ்போர்ட்டிலும் சீல் விழுந்தபோது பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். நடுவில் மனைவி காரை ஓரம் கட்ட வைத்து, ஒரு மணி நேரம் கட்டாயப்படுத்தி என்னையும் தூங்க வைத்தாள். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் சைட் வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆபீஸ் கிளார்க் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ராமநாதபுரத்துத் தம்பி, நல்ல பையன்.

"அண்ணே, பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு ஒரு சைன் போடுங்க."

"இல்ல தம்பி. இனி அது என்கிட்டயே இருக்கட்டும்."

"என்னண்ணே புதுசா? மேல கேப்பாங்களே."

"கேட்டா என்னைக் கூப்பிடச் சொல்லு. நானே வந்து சொல்றேன்."

 முந்தின நாள் முழுக்க எந்த வேலையைக் காப்பாற்ற ஓடினேனோ, அதே வேலைக்கு நானே ஆபத்தைத் தேடிக்கொள்கிறேனோ என்று பயம். இருந்தாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். சட்டத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, என் சாமான் என்னிடம் இருக்கட்டும் சார் என்று மட்டும் சொன்னேன். அவர், தொலைத்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். அந்த நாலு வரியை எழுத எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது.

பிள்ளைகளே, முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் பொருளுக்காகச் சேற்றுக் காலோடு பாதி வழி ஓடி வந்தார்; மீதிப் பாதியை நான்தான் நடந்தாக வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன், இன்றைக்கும் எதையாவது கேட்கத் தயங்கி நிற்கும்போதெல்லாம் அந்தப் புரிதல்தான் என்னை முன்னால் தள்ளுகிறது.